போலிப் பின்தொடர்பவர்கள்: வாசகர் கேள்வி–பதில்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில், முன்பின் தெரியாத போலிக் கணக்குகள் கூட்டமாக வந்து பின்தொடர்வதைப் பற்றிப் பலரும் கவலையுடன் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதும் அதற்கே ஒதுக்கப்படுகிறது. கேட்டவர்களின் நலன் கருதிப் பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி (வாசகி, சென்னிமலை): நானும் என் நாத்தனாரும் கைத்தறிப் பெட்ஷீட்டுகளையும் பவானி ஜமக்காளங்களையும் இன்ஸ்டாகிராம் வழியாக விற்று வருகிறோம். மூன்று வருடங்களில் ஒன்பதாயிரம் பேர் சேர்ந்திருந்தார்கள். இப்போது இரண்டே மாதத்தில் இன்னும் மூவாயிரம் பேர் வந்திருக்கிறார்கள். அவர்களில் பலருக்குப் படம் இல்லை. பெயரும் வாயில் நுழையவில்லை. ஆர்டர் மட்டும் ஒன்றுகூட அதிகமாகவில்லை. இது யாராவது வேண்டாதவர்கள் செய்த வேலையா? இவர்களை நீக்க வேண்டுமா? நீக்கினால் எண்ணிக்கை குறைந்து கடையின் மதிப்புப் போய்விடும் என்று நாத்தனார் பயப்படுகிறார்.

பதில்: நீக்கத்தான் வேண்டும், அம்மா, ஆனால் அவசரப்பட்டு மொத்தமாக நீக்கக் கூடாது.

இப்படிப்பட்ட கணக்குகளைப் பெரும்பாலும் மனிதர்கள் ஒவ்வொன்றாக உட்கார்ந்து இயக்குவதில்லை. ஒரே நேரத்தில் ஏராளமான கணக்குகளை இயக்கும் மென்பொருள், ஏதாவது ஒரு ஹேஷ்டேக்கையோ உங்களைப் போன்ற இன்னொரு கடையின் பின்தொடர்பவர் பட்டியலையோ பிடித்துக்கொண்டு, அதிலுள்ள கணக்குகளை வரிசையாகப் பின்தொடர்ந்துகொண்டே போகிறது. திரும்ப நம்மையும் பின்தொடர்வார்கள் என்பது ஒரு நோக்கம். பின்தொடர்பவர்களை விலைக்கு விற்பவர்களும் உண்டு; காசு கொடுத்து வாங்கியவர்களை மட்டுமே இந்தக் கணக்குகள் பின்தொடர்ந்தால் எளிதில் பிடிபட்டுவிடும் என்பதால், நடுநடுவே நேர்மையான கடைகளையும் பின்தொடர்ந்து, தானும் ஒரு சாதாரண ஆள்தான் என்று காட்டிக்கொள்வது இன்னொரு நோக்கம். ஆகையால் பக்கத்துக் கடைக்காரர் மேல் சந்தேகம் கொள்ள வேண்டாம். வேண்டுமென்றே போலிகளை ஏவி விடுகிறவர்களும் இருக்கலாம் என்றாலும், அதை நிரூபிக்க உங்களிடம் வழி இல்லாதபோது, வீண் பகைதான் மிஞ்சும். அண்மையில் ‘பின்தொடர்ந்து மூன்று பேரை டேக் செய்தால் பரிசு’ என்ற மாதிரிப் போட்டி ஏதாவது நடத்தினீர்களா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். அத்தகைய போட்டிகள் போலிக் கணக்குகளை வெகுவாக ஈர்க்கின்றன.

எத்தனை பெரிய அளவில் இது நடக்கிறது என்பதற்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன். 2019-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மட்டும் ஏறத்தாழ 220 கோடிப் போலிக் கணக்குகளைத் தன் பேஸ்புக் தளத்திலிருந்து நீக்கியதாக, இன்ஸ்டாகிராமையும் நடத்தும் பேஸ்புக் நிறுவனமே (இன்றைய மெட்டா) அறிவித்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தொடங்கிய சிறிது நேரத்திலேயே பிடிபட்டவை. இத்தகைய வலைகளில் சிக்காமல் தப்பியவைதாம் நம் கடை வாசலுக்கு வந்து சேர்கின்றன.

இவற்றால் வரும் முதல் நஷ்டம் கணக்கில் தெரியும். ஒன்பதாயிரம் பேர் இருந்தபோது ஒரு பதிவுக்கு 400 பேர் விருப்பம் தெரிவித்திருந்தால், அது 100-க்கு நான்கரை பேர் என்ற அளவுக்கு நெருங்கி வரும். பன்னிரண்டாயிரமான பிறகும் அதே 400 பேர்தான் என்றால், அது மூன்றே காலுக்குச் சற்று மேல் என்று இறங்கிவிடும். உங்கள் சரக்கோ படமோ சற்றும் குறையாதபோதே, வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கடை சரிவதுபோலத் தோன்றும். இரண்டாவது நஷ்டம் விளம்பரத்தில் வரும். உங்களைப் பின்தொடர்பவர்களைப் போன்றவர்களைத் தேடிக் காட்டும்படி விளம்பரம் கொடுத்தால், மாதிரியே கெட்டுப்போயிருக்கும்போது பணமும் தவறான இடத்தில் போய் விழும். கணக்கின் புள்ளிவிவரங்களைக் காட்டும் ‘இன்சைட்ஸ்’ பகுதியில் பின்தொடர்பவர்களின் ஊர்ப் பட்டியலைப் பாருங்கள். ஈரோடு, கோவை, சென்னை, பெங்களூரு என்று இருந்த இடத்தில், நீங்கள் ஒரு துண்டுகூட அனுப்பியிராத வெளிநாட்டு நகரங்கள் மேலே ஏறியிருந்தால் ஐயம் உறுதிப்படும்.

மூன்றாவது கேட்டைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். உங்கள் பதிவின் கீழே ‘டபுள் காட் சைஸ் என்ன விலை?’ என்று ஒருவர் கேட்கிறார். கணக்கு பொதுவில் இருப்பதால் அந்தக் கேள்வியும், கேட்டவரின் பெயரும், உங்களைப் பின்தொடர்பவர்களின் பட்டியலும் அனைவர் கண்ணிலும் படுகின்றன. கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே வந்து நிற்கும் ஒரு மோசடிக் கணக்கு, அந்த வாடிக்கையாளருக்கே நேரடியாகச் செய்தி அனுப்பி, ‘பாதி விலைக்குத் தருகிறோம், முன்பணம் அனுப்புங்கள்’ என்று கேட்கும். உங்கள் பதிவின் கீழே உங்கள் பின்தொடர்பவராகவே ஏற்கெனவே தென்பட்ட பெயர் என்பதால், அவருக்கு அது பாதி தெரிந்த முகமாகிவிடுகிறது. பணம் போனபின் அவர் கோபித்துக்கொள்வது உங்களிடம்தான். கடையை நம்பி வந்தவர்களைக் காப்பாற்றும் பொறுப்பு கடைக்காரருக்கு உண்டு என்பதால்தான், எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை, நீக்குங்கள் என்கிறேன்.

இனி, யாரை நீக்குவது என்ற கேள்வி. மஞ்சள் காட்டில் களைக்கொத்துப் பிடிப்பவருக்குத் தேவைப்படும் நிதானம் இதிலும் தேவை. படம் இல்லை, பதிவு இல்லை என்பதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு செய்தால், உங்கள் நல்ல வாடிக்கையாளர்களில் பலரை இழப்பீர்கள். நம் பகுதியில் எத்தனையோ பெண்கள் தங்கள் முகத்தைப் போடுவதில்லை. மருதமலை முருகனோ, ஒரு செம்பருத்திப் பூவோ, பேரக்குழந்தையின் கையோதான் படமாக இருக்கும். கணக்கைப் பூட்டி வைத்திருப்பார்கள். ஒரு பதிவும் போட்டிருக்க மாட்டார்கள். பேரன் திறந்து கொடுத்த கணக்கு என்பதால் பெயரோடு பிறந்த வருடமும் ஒட்டிக்கொண்டிருக்கும். அவர்களே தீபாவளிக்குப் பத்து ஜமக்காளம் வாங்குகிறவர்களாகவும் இருப்பார்கள்.

போலியைக் காட்டிக்கொடுப்பது ஒரே ஒரு அடையாளமாக இராது. பல அடையாளங்கள் சேர்ந்து வரும். நான் பார்த்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். பெயரில் உச்சரிக்க முடியாத எழுத்துக்கோவையும் அதன் வாலில் எட்டு இலக்கங்களும் இருந்தன. அது பின்தொடர்வோர் ஏறத்தாழ ஏழாயிரம் பேர், அதைப் பின்தொடர்வோர் பன்னிரண்டு பேர். இருந்த ஆறு படங்களும் ஒரே நாளில் ஏற்றப்பட்டவை. அறிமுக வரியில் ஒரு சுருக்கப்பட்ட இணைப்பு இருந்தது. மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு ‘இந்தக் கணக்கைப் பற்றி’ என்ற பகுதியைத் திறந்தால், சேர்ந்த மாதமும் நாடும் தெரியும் கணக்குகள் பல உண்டு. பெயர் எத்தனை முறை மாற்றப்பட்டது என்பதும் சிலவற்றில் தெரியும். இவற்றில் மூன்று நான்கு ஒன்றாகப் பொருந்தினால் தயங்காமல் நீக்கலாம். ஒன்று மட்டும் பொருந்தினால் விட்டுவிடுங்கள். ஒரு போலி தப்பிப்பதைவிட, ஒரு பாட்டியை வெளியே தள்ளுவது பெரிய தவறு.

மூவாயிரம் பேரை எங்கே போய்த் தேடுவது என்று மலைக்க வேண்டாம். அமைப்புகளில் உள்ள ‘அக்கவுன்ட்ஸ் சென்டர்’ பகுதிக்குச் சென்று, உங்கள் தகவல்களை இறக்கிக்கொள்ளும் வசதியில் பின்தொடர்பவர்களின் பட்டியலை மட்டும் கேளுங்கள். யார் எந்த நாளில் பின்தொடர்ந்தார்கள் என்ற தேதியுடன் அது வந்து சேரும். ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் வந்து சேர்ந்த இடங்கள் அதில் பளிச்சென்று தெரியும். அந்த நாள்களை மட்டும் சல்லடை போட்டால் போதும். பிறகு செயலியின் பட்டியலில் அந்தப் பெயர்களைத் தேடி, பெயருக்கு எதிரே உள்ள ‘ரிமூவ்’ என்பதைத் தொடுங்கள். நீக்கப்பட்டவருக்கு அறிவிப்பு எதுவும் போகாது. ஆனால் கணக்கு பொதுவில் இருக்கும்வரை அவரால் மீண்டும் வர முடியும் என்பதால், மோசடிச் செய்தி அனுப்புகிறவர்களை ‘ரிப்போர்ட்’ செய்து ‘பிளாக்’ செய்யுங்கள். பிளாக் செய்யும்போது, அதே ஆள் தொடங்கக்கூடிய புதிய கணக்குகளையும் சேர்த்துத் தடுக்கும் தெரிவு ஒன்று வரும், அதைத் தேர்ந்தெடுங்கள். ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கில் நீக்கினால், உங்களையே இயந்திரம் என்று கருதி இன்ஸ்டாகிராம் சிறிது காலத்துக்கு முடக்கி வைக்கும். ஆகவே நாத்தனாரும் நீங்களும் முறை வைத்துக்கொண்டு, தினமும் கொஞ்ச நேரம் செய்து, சில வாரங்களில் முடியுங்கள்.

நாத்தனாரின் பயத்துக்கு ஒரு செய்தி. 2014 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் தானே முன்வந்து போலிகளைக் களைந்தபோது, அந்நிறுவனத்தின் சொந்தக் கணக்கே ஏறத்தாழ 1 கோடியே 89 லட்சம் பேரை இழந்தது. அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடவில்லை.

கேள்வி (கல்லூரி மாணவர், பீளமேடு): போலிப் பின்தொடர்பவர்களை ஒரே நொடியில் நீக்கிவிடும் செயலி இருப்பதாக விளம்பரம் பார்த்தேன். இன்ஸ்டாகிராம் கடவுச்சொல்லைக் கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கக் கூடாது, தம்பி. கடவுச்சொல்லைப் பெற்றுக்கொண்ட செயலி உங்கள் பெயரில் யாரை வேண்டுமானாலும் பின்தொடரலாம், எதை வேண்டுமானாலும் விரும்பலாம். போலிக் கணக்குகளை நீக்கப் போன நீங்களே இன்னொருவருக்குப் போலிப் பின்தொடர்பவராக மாறிவிடுவீர்கள். இத்தகைய வெளிச் செயலிகள் வழியாக வந்த விருப்பங்களையும் பின்தொடர்தல்களையும் நீக்கப் போவதாக 2018 நவம்பரில் இன்ஸ்டாகிராம் அறிவித்ததோடு, அவற்றைப் பயன்படுத்துகிறவர்கள் தங்கள் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். எந்தெந்தக் கருவிகளில் உங்கள் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்து, தெரியாதவற்றை வெளியேற்றுங்கள். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

கேள்வி (பனியன் விற்பனையாளர், திருப்பூர்): குழந்தைகள் உடுப்புக்கென்று சொந்த பிராண்ட் தொடங்கியிருக்கிறோம். எண்ணிக்கை குறைவாக இருந்தால் வெளிநாட்டு பையர்கள் மதிக்க மாட்டார்கள் என்று சொல்லி, பத்தாயிரம் ஃபாலோயர்களைக் குறைந்த விலைக்குத் தருவதாக ஒரு ஏஜென்ட் வருகிறார். போட்டிக் கம்பெனிகள் எல்லாம் வாங்குகின்றன என்கிறார். வாங்கினால் என்ன தவறு?

பதில்: அவர் விற்பது மேலே சென்னிமலை வாசகி நீக்கப் பாடுபடும் அதே சரக்கைத்தான். அவற்றை வாங்கும் ஒவ்வொருவரும், அந்த வாசகியின் கடைக்குள் புகும் கூட்டத்துக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

உங்கள் தொழிலுக்கு நேரடியாக வரும் கேட்டையும் சொல்லியாக வேண்டும். 2018 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், ‘டெவுமி’ என்ற அமெரிக்க நிறுவனம் நடிகர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் வணிகர்களுக்கும் போலிப் பின்தொடர்பவர்களை விற்று வந்ததை விரிவாக வெளியிட்டது. அந்தப் போலிகளில் பல, உயிரோடு இருக்கும் உண்மையான மனிதர்களின் பெயரையும் படத்தையும் திருடி உருவாக்கப்பட்டவை. வாங்கியவர்கள் யார் யார் என்பதும் அதில் வெளியாகியது. 2019 அக்டோபரில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அந்த நிறுவனத்தின் மீதும் அதன் தலைவர் மீதும் நடவடிக்கை எடுத்து, 25 லட்சம் டாலருக்கான உத்தரவைப் பெற்றது. 2024 அக்டோபர் முதல் அந்த ஆணையத்தின் புதிய விதி ஒன்று நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன்படி, போலியான பின்தொடர்பவர்களையும் பார்வைகளையும் விற்பது மட்டுமன்றி, போலி என்று தெரிந்தோ தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ வணிக லாபத்துக்காக வாங்குவதும் தடை செய்யப்பட்டுள்ளது. அமெரிக்காவுக்குச் சரக்கு அனுப்ப நினைக்கும் ஒரு திருப்பூர் நிறுவனம் இதை அறியாமல் இருக்கலாகாது.

பையர்களும் ஏமாளிகள் அல்லர். நூலின் கவுன்ட்டையும், துணியின் எடையைச் சொல்லும் ஜிஎஸ்எம்மையும், சாயம் போகிறதா என்பதையும் ஆய்வுக்கூடத்தில் சோதித்து வாங்குகிறவர்கள், பத்தாயிரம் பேர் பின்தொடரும் பக்கத்தில் பதினைந்து விருப்பங்கள் மட்டும் இருப்பதைக் கவனிக்காமல் போவார்களா? எண்ணிக்கை எந்த நாளில் எவ்வளவு ஏறியது என்று கோடு போட்டுக் காட்டும் இணையக் கருவிகள் உண்டு. செங்குத்தாக ஏறும் கோடு ஒன்று போதும், உங்கள் சோதனைச் சான்றிதழ்களையும் சேர்த்துச் சந்தேகிக்க. பருத்தியைப் பற்றி நீங்கள் சொல்வது அத்தனையும் உண்மையாக இருக்கும்போது, பக்கத்திலேயே ஒரு பொய்யை ஏன் வைக்க வேண்டும்? அந்தப் பணத்தில், உங்கள் தையல் யூனிட்டில் ஒரு சட்டை வெட்டிலிருந்து பேக்கிங் வரை போவதை நல்ல வெளிச்சத்தில் படம் பிடித்துப் போடுங்கள். அதைப் பார்த்து நூறு பேர் வந்தாலும் அவர்கள் வாங்க வந்தவர்களாக இருப்பார்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், இராசிபுரம்): பேஸ்புக்கில் பழைய மாணவர்களோடு தொடர்பு வைத்திருக்கிறேன். அறிமுகமில்லாத பெண்களின் பெயரில் நட்பு வேண்டுகோள்கள் தினமும் வருகின்றன. ஏற்காமல் விட்டுவிடுகிறேன். ஆனாலும் அவர்கள் என்னைப் பின்தொடர்பவர்களாகப் பட்டியலில் இருக்கிறார்கள். பார்க்கிறவர்கள் தவறாக நினைப்பார்களே என்று சங்கடமாக இருக்கிறது.

பதில்: சங்கடப்பட ஏதுமில்லை, ஐயா, இது உங்கள் நடத்தையால் வந்ததன்று. பேஸ்புக்கில் ‘என்னை யார் பின்தொடரலாம்’ என்ற அமைப்பு ‘அனைவரும்’ என்று இருந்தால், நட்பு வேண்டுகோள் அனுப்பியவர், நீங்கள் ஏற்காவிட்டாலும், பின்தொடர்பவராக நின்றுவிடுகிறார். அமைப்புகளில் பின்தொடர்பவர்களும் பொதுப் பதிவுகளும் பற்றிய பகுதிக்குச் சென்று அதை ‘நண்பர்கள்’ என்று மாற்றுங்கள். நட்பு வேண்டுகோளை நண்பர்களின் நண்பர்கள் மட்டுமே அனுப்பலாம் என்றும் மாற்றலாம். நண்பர்கள் பட்டியலை உங்களைத் தவிர யாரும் பார்க்க முடியாதபடி மறைக்கலாம். 2020 மே மாதத்தில் இந்தியாவில் அறிமுகமான ‘புரொஃபைல் லாக்’ வசதியை இயக்கினால், நண்பர் அல்லாதவர்கள் உங்கள் பதிவுகளையோ முழு அளவுப் படத்தையோ பார்க்க முடியாது. இவை எல்லாவற்றையும் உங்கள் பழைய மாணவர் ஒருவரைப் பக்கத்தில் அமரச் சொல்லி ஒரே மாலையில் முடித்துவிடலாம்.

நண்பர்கள் பட்டியலை மறைக்கச் சொல்வதற்கு வலுவான காரணம் உண்டு. ஆசிரியர் ஒருவரின் நட்பில் இருப்பவர் என்றால் நம் ஊரில் கேள்வி கேட்காமல் நம்புவார்கள்; ஒரு போலிக் கணக்கு உங்கள் நட்பில் நுழைந்துவிட்டால், அடுத்து அது உங்கள் மாணவர்களிடம் போகும். அந்தப் போலிகளின் பேச்சு முதலில் நலம் விசாரிப்பில் தொடங்கும். சில வாரங்கள் கழித்து ஏதோ ஒரு பங்கு வர்த்தகச் செயலியைப் பற்றியதாக மாறும். முதலில் சிறு தொகைக்கு லாபம் திரும்பி வரும், பிறகு பெருந்தொகை போய்விடும். ஈமு கோழிப் பண்ணைத் திட்டங்களில் பணம் போட்டு 2012-இல் பெருந்துறை வட்டாரத்தில் எத்தனை குடும்பங்கள் நொடிந்தன என்பதை நீங்கள் நேரில் கண்டிருப்பீர்கள். அன்றைக்குக் கையில் கோழியாவது இருந்தது. ஓய்வூதியப் பணத்தையும் பணிக்கொடையையும் குறிவைத்து வரும் இந்த ஆள்களுக்கு முகவரிகூடக் கிடையாது. அவர்களோடு வாக்குவாதம் செய்ய வேண்டாம், பதிலும் எழுத வேண்டாம். ரிப்போர்ட் செய்து பிளாக் செய்யுங்கள்.

கேள்வி (வாசகி, கவுந்தப்பாடி): நாட்டுச்சர்க்கரையும் செக்கு எண்ணெயும் விற்கும் எங்கள் பக்கத்தைப் போலவே, பெயரில் ஒரு கீழ்க்கோடு மட்டும் கூடுதலாக வைத்து யாரோ ஒரு கணக்குத் தொடங்கியிருக்கிறார்கள். எங்களைப் பின்தொடர்பவர்களுக்கு எல்லாம், ‘வாழ்த்துகள்! எங்கள் கடைக் குலுக்கலில் உங்களுக்கு 5 கிலோ நாட்டுச்சர்க்கரை விழுந்திருக்கிறது. கூரியர் செலவு 149 ரூபாய் மட்டும் அனுப்புங்கள்’ என்று செய்தி போகிறது. கோவையில் ஒரு வாடிக்கையாளர் அவர்கள் அனுப்பிய கியூஆர் படத்தை ஸ்கேன் செய்து, 149 ரூபாய் என்று நினைத்துப் பல ஆயிரம் இழந்துவிட்டார். எங்கள் போனில் தேடினால் அந்தக் கணக்கு தென்படவே இல்லை. என்ன செய்வது?

பதில்: உங்கள் போனில் தென்படாததற்குக் காரணம், அவர்கள் முதல் வேலையாக உங்களைப் பிளாக் செய்திருப்பதுதான். உங்களைப் பின்தொடராத உறவினர் ஒருவரின் போனிலிருந்து தேடுங்கள், கிடைக்கும். கிடைத்தவுடன், ரிப்போர்ட் செய்வதற்கு முன்பே, அந்தக் கணக்கின் முகப்பு, அதன் முழு இணைய முகவரி, வாடிக்கையாளருக்கு வந்த செய்திகள், கியூஆர் படம், பணம் போன யுபிஐ முகவரி ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு சேமித்து வையுங்கள். கணக்கு முடக்கப்பட்ட பிறகு இவற்றைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பணம் இழந்த வாடிக்கையாளர் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். இது மத்திய அரசின் இணையக் குற்ற நிதி மோசடி உதவி எண். புகார் எவ்வளவு விரைவாகப் பதிவாகிறதோ, பணம் ஒரு வங்கியிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிக்கொண்டிருக்கும்போதே நடுவில் நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. ‘நாளைக்கு வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுச் செய்யலாம்’ என்று தள்ளிப்போடுவதில்தான் பெரும்பாலான பணம் கை நழுவுகிறது. வெட்கத்தால் பேசாமல் இருந்துவிடுகிறவர்களும் பலர். ஆகவே நீங்களே அவரைத் தொலைபேசியில் அழைத்து, ‘உங்கள் மேல் தவறில்லை, இப்போதே அழையுங்கள்’ என்று சொல்லுங்கள். தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும், மாவட்டத்தின் சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் நீங்கள் தனியே ஒரு புகார் கொடுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 66டி பிரிவின்படி கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

இன்ஸ்டாகிராமில் அந்தக் கணக்கை ரிப்போர்ட் செய்யும்போது, ‘ஸ்பேம்’ என்று பொதுவாகக் குறிக்காமல், இன்னொருவராக நடிக்கிறது என்ற தெரிவைத் தேர்ந்து, அது உங்கள் கடையின் பெயரில் நடிப்பதாகக் குறிப்பிடுங்கள். வாடிக்கையாளர்களும் அவ்வாறே குறிக்கட்டும். 2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு பெரிய சமூக ஊடகத் தளமும் இந்தியாவில் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். ரிப்போர்ட் செய்தும் பலனில்லை என்றால் அவருக்கு எழுதுங்கள். அவருடைய முடிவும் திருப்தி தராவிட்டால், 30 நாள்களுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையம் வழியாகவே முறையிடலாம். இந்த வழி இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது உங்கள் வாடிக்கையாளர்களுக்கான அறிவிப்பு. நாளைக்கு மறைந்துவிடும் ஸ்டோரியாக மட்டும் போடாமல், பக்கத்தின் உச்சியில் நிலையாக நிற்கும்படி ‘பின்’ (pin) செய்த பதிவாகவும், அறிமுக வரியிலும், பார்சலுக்குள் வைக்கும் சீட்டிலும் எழுதுங்கள்: எங்களுக்கு இந்த ஒரு கணக்கு மட்டுமே உண்டு, குலுக்கல் எதுவும் நடத்துவதில்லை, பணம் இந்த ஒரு எண்ணுக்கு மட்டுமே அனுப்ப வேண்டும். கூடவே, பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவையில்லை, பின் எண்ணை அழுத்தினால் பணம் போகத்தான் செய்யும், அழுத்துவதற்கு முன் திரையில் காட்டும் தொகையைப் படிக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். கவுந்தப்பாடியிலிருந்து சர்க்கரை வாங்குகிறவர்களில் வயதானவர்கள் அதிகம் இருப்பார்கள். அவர்களுக்காகப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

அந்தப் போலிக் கணக்குக்கு உங்கள் வாடிக்கையாளர்களின் பெயர்கள் கிடைத்தது உங்கள் பட்டியலிலிருந்தும் பின்னூட்டங்களிலிருந்தும்தான். வணிகக் கணக்கைத் தனிப்பட்டதாகப் பூட்ட இன்ஸ்டாகிராமில் வழியில்லை. ஆகவே விலை, தொலைபேசி எண், முகவரி ஆகியவற்றைப் பின்னூட்டத்தில் எழுத விடாதீர்கள். யாராவது எண்ணை எழுதிவிட்டால் உடனே நீக்கிவிட்டு, தனிச் செய்தியில் பதில் சொல்லுங்கள். பேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் ‘மெட்டா வெரிஃபைட்’ என்ற கட்டணச் சேவை 2023 ஜூன் மாதத்தில் இந்தியாவுக்கு வந்தபோது மாதம் 699 ரூபாயாக இருந்தது; நீல அடையாளமும் ஆள்மாறாட்டக் கண்காணிப்பும் அதில் கிடைக்கும். மாதம் சில ஆயிரம் ரூபாய்க்கு மட்டும் விற்கும் வீட்டுத் தொழிலுக்கு அது கட்டாயம் என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி (தென்னை விவசாயி, பொள்ளாச்சி): வெள்ளை ஈ, தென்னை வாடல் நோய் பற்றி யூடியூபில் காணொளி போடுகிறேன். திடீரென்று சந்தாதாரர் எண்ணிக்கை சில நூறு குறைந்துவிட்டது. அதோடு, என் படத்தையே வைத்துக்கொண்டு யாரோ பின்னூட்டங்களில் ‘டெலிகிராமில் பேசுங்கள், மருந்து அனுப்புகிறேன்’ என்று எழுதுகிறார்கள்.

பதில்: எண்ணிக்கை குறைந்ததற்குக் கவலைப்பட வேண்டாம், மூடப்பட்ட கணக்குகளையும் ஸ்பேம் கணக்குகளையும் யூடியூப் அவ்வப்போது கணக்கிலிருந்து கழித்துவிடும். 2018 டிசம்பரில் பெரிய அளவில் அவ்வாறு கழிக்கப் போவதை முன்கூட்டியே அறிவித்துவிட்டே செய்தது.

பின்னூட்டத்தில் வரும் போலிதான் அவசரமான விஷயம், ஏனென்றால் வாடல் நோயால் மரத்தை இழந்துகொண்டிருக்கும் ஒரு விவசாயி எந்த மருந்துக்கும் பணம் அனுப்பிவிடுவார். யூடியூப் ஸ்டுடியோவின் அமைப்புகளில், சந்தேகத்துக்குரிய பின்னூட்டங்களை உங்கள் ஒப்புதலுக்காக நிறுத்தி வைக்கும் தெரிவைக் கடுமையான நிலையில் வையுங்கள்; இணைப்புகளைத் தடுக்கும் தெரிவையும் இயக்குங்கள்; தடைச் சொற்களின் பட்டியலில் ‘டெலிகிராம்’, ‘வாட்ஸ்அப்’ ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும், போலிகள் எழுதும் பிழையான எழுத்துக்கூட்டலிலும் சேருங்கள். அந்த ஆளின் பெயருக்கு எதிரே, சானலிலிருந்து மறைக்கும் தெரிவு உண்டு. அதன்பின் அவர் எழுதுவது பிறர் கண்ணில் படாது. நீங்கள் உண்மையாகப் பதில் எழுதும்போது உங்கள் சானலின் பெயர் தனி நிறப் பட்டையில் தெரியும், போலிக்கு அது வராது என்பதை அடுத்த காணொளியின் தொடக்கத்திலேயே சொல்லிக் காட்டுங்கள். மருந்து வேண்டுமென்று கேட்பவர்களை ஆழியாறு நகரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்கோ, அவரவர் வட்டார வேளாண் அலுவலகத்துக்கோ போகச் சொல்லி, அந்த வரியை ஒவ்வொரு காணொளியின் கீழும் முதல் பின்னூட்டமாகப் பின் செய்து வையுங்கள்.